டன்மூர் ஆட்டத்துக்கு முந்தைய வாரம்

திங்கட்கிழமை பயிற்சி தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மைதானத்தின் வடக்கு வேலியை ஒட்டியிருந்த மின்கம்பத்தில் ஒரு ஆள் ஏறிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் ஸ்டாக்டேல் விசிலை எடுத்து ஊதினார். எங்களுக்காக அல்ல, அந்த ஆளுக்காக.

“யாருய்யா நீ? இறங்கு கீழ!”

“லைன் ரிப்பேருங்க. ரெண்டு தெருவுக்கு கரண்ட் இல்ல.”

“சனிக்கிழமை வரைக்கும் மெழுகுவத்தி ஏத்திக்கச் சொல்லு. இறங்குய்யா!”

அவர் முணுமுணுத்தபடி இறங்கிப் போனார். வேறொரு வாரமாக இருந்திருந்தால் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. சனிக்கிழமை எங்களுக்கு டன்மூர் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம்.

நான் கர்ட் ஹோர்வாட். ஒஹாயோவில் ஹாலோவே கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஐம்பத்தைந்தாம் எண் சட்டை. தாக்கும் வரிசையின் நடுவில் குனிந்து நின்று, வலது கையால் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுப்பது என் வேலை. கொடுத்த மறுகணம் எதிரே வரும் மலை போன்ற ஆளை முட்டி நிறுத்த வேண்டும். பந்தை வாங்குகிறவன் எங்கள் குவார்ட்டர்பேக் மலாக்கி. அவன் ஒன்று பந்தை ஓடுகிறவன் கையில் திணிப்பான், இல்லையென்றால் தூரத்தில் ஓடுகிறவனுக்கு எறிவான். ஓட்டமா, வீச்சா என்பது பந்து நகரும்வரை எதிரிக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் எங்கள் கதை முடிந்தது.

டன்மூருக்கு அது தெரிந்திருந்தது. போன வருடம் எங்களை முப்பத்தொன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்தார்கள். நாங்கள் ஓடும் இடத்தில் எங்களுக்கு முன்பே வந்து நின்றார்கள். எறியும்போது பின்வாங்கிக் காத்திருந்தார்கள். இந்த வருடம் அவர்களுடைய தடுப்பு வரிசை இன்னும் பலம். ஒன்பது ஆட்டங்களில் மொத்தமே அறுபத்துநான்கு புள்ளிகள்தான் விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

“எவனோ சொல்றான்” என்பது ஸ்டாக்டேலின் முடிவு. ஆட்டத்தின்போது ஓரத்திலிருந்து எங்களுக்குக் காட்டும் சைகைப் பலகைகளை மாற்றினார். பயிற்சி மைதானத்தைப் பார்த்த ஜன்னல்களுக்கெல்லாம் காகிதம் ஒட்டினார். யார் எங்கே ஓட வேண்டும் என்று வரைந்த ஆட்டத்தாள்களுக்கு எண் போட்டு, மாலையில் எண்ணி வாங்கிப் பெட்டியில் பூட்டினார். எங்களிடம் பேசும்போதுகூட வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பேசினார். பாதி என்ன சொல்கிறார் என்றே புரியாது.

அன்று பயிற்சி முடிந்ததும் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“உன் ரூம்மேட் நேத்து எங்க போனான்?”

“அமோஸா? துணி துவைக்கப் போறேன்னான் கோச்.”

“துவைக்கிறதுக்கு நாப்பது மைல் போவானா? ஹைவே ஓரத்து டைனர்ல டன்மூர்க்காரன் ஒருத்தன்கூட உக்காந்து ஆப்பிள் பை தின்னுட்டிருந்திருக்கான். பாத்தவன் என்கிட்டயே சொன்னான்.”

அமோஸ் பிக்கெட் எனக்கு இடதுபுறம், தோளோடு தோள் உரசி நிற்கிறவன். ஜனவரியில்தான் எங்களிடம் வந்தான். அதற்கு முன் இரண்டு வருடம் டன்மூரில் தடுப்பு வரிசையில் இருந்தான். அங்கே பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டார்கள் என்று இங்கே வந்து தாக்கும் வரிசைக்கு மாறிக்கொண்டான். மேற்கு வர்ஜீனியாவின் சுரங்க ஊர்க்காரன், அதிகம் பேசமாட்டான். பத்து மாதமாக ஒரே அறையில் இருக்கிறோம். அவன் குறட்டையின் ஏற்ற இறக்கம் வரைக்கும் எனக்கு அத்துப்படி.

“அவன் மேல ஒரு கண்ணு வை” என்றார் ஸ்டாக்டேல். “எனக்காக இல்லடா. டீமுக்காக.”

அதற்குப் பிறகு அவன் எதைச் செய்தாலும் வேறு மாதிரித் தெரிந்தது. போன் அடித்தால் எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போவான். முன்பும் போனவன்தான், ஆனால் முன்பு நான் அதைக் கவனித்ததில்லை. ஆட்டத்தாளை மற்றவர்களைவிட அதிக நேரம் பார்த்தான். காலையில் கேன்டீனில் கிரேவியில் பிஸ்கட் ரொட்டியை நனைத்துக்கொண்டே சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமை துணி துவைச்சியே, மெஷின் காலியா இருந்துச்சா?”

“ம்.”

“ரொம்ப நேரம் ஆச்சே உனக்கு.”

“கூட்டம்” என்றான்.

மெஷின் காலி, ஆனால் கூட்டம். அவன் பொய் சொல்லத் தெரியாதவன் என்று அதற்கு அர்த்தம். பொய் சொல்கிறான் என்பது மட்டும்தான் அன்று எனக்கு உறைத்தது.

புதன்கிழமை மதியம் அவன் குளிக்கப் போயிருந்தான். போன் கட்டிலில் கிடந்தது. அதற்கு அவன் பூட்டே போடுவதில்லை. நான் கதவைப் பார்த்தேன், தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டேன், எடுத்தேன். டெஸ்மண்ட் ஆஷ் என்ற பெயரில் செய்திகள் இருந்தன. டன்மூர் தடுப்பு வரிசையின் தலைவனே அவன்தான். போன வருடம் என்னை எட்டு முறையாவது மல்லாக்கத் தள்ளியவன். கடைசியாக ஞாயிறு இரவு ஒரு வரி அனுப்பியிருந்தான்: ‘55 இன்னும் அப்படியேதானா?’

அதற்குக் கீழே எதுவும் இல்லை.

போனைக் கிடந்த இடத்திலேயே, கிடந்த கோணத்திலேயே வைத்தேன். ஐம்பத்தைந்து நான்தான். என்னைப் பற்றியா விசாரிக்கிறார்கள்? எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவனிடமா? நேரே ஸ்டாக்டேலிடம் போனேன். செய்தியைச் சொன்னேன். அமோஸ் பதில் போடவில்லை என்பதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. கோபத்தில் அது எனக்கு வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை ஸ்டாக்டேல் அமோஸின் ஆட்டத்தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இரண்டாம் வரிசையிலிருந்து ஹென்லி என்பவனை என் இடதுபுறம் நிறுத்தினார். கூட்டத்துக்கு அமோஸ் வந்தபோது கதவிலேயே மறித்து, “நீ போய் வெயிட்டு தூக்கு” என்றார். இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். அமோஸ் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான், கடைசியாக அவன் பார்வை என்னிடம் வந்து நின்றது. நான் குனிந்து ஷூ கயிற்றை முடிய ஆரம்பித்தேன்.

மதியம் அறைக்குப் போனபோது கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான்.

“என் போனை எடுத்தியா?”

“என்ன?”

“காது கேக்குதுல்ல? எடுத்தியா?”

“எடுத்தேன். நீ மட்டும் என்ன ஒழுங்கா? துணி துவைக்கப் போறேன்னு சொல்லிட்டு அவன்கூடப் போய் பை தின்ன.”

“டெஸ்மண்டுக்கு டிசம்பர்ல கல்யாணம். மாப்பிள்ளைத் தோழனா நிக்கணும்னு கூப்பிட வந்தான். சொன்னா நீங்க என்ன நினைப்பீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்லல. இப்ப சொல்லாமலே நினைச்சுட்டீங்க.”

“அப்ப அந்த மெசேஜ்?”

“நான் என்ன பதில் போட்டேன்?”

“ஒண்ணும் போடல.”

“அதைச் சொன்னியா கோச்கிட்ட?”

ஜன்னலுக்கு வெளியே யாரோ காய்ந்த இலைகளை ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபடியே இல்லையென்று தலையசைத்தேன்.

“அவன் எழுதின அந்த ‘அப்படியே’ன்னா எப்படிடா?” என்றேன் கடைசியில். “நான் எப்படி இருக்கேன்?”

“அது நான் சொல்ல மாட்டேன்.”

“உனக்குத் தெரியும்!”

“அங்க ரெண்டு வருஷம் அவங்க ரூம்ல உக்காந்திருக்கேன். கிளம்பும்போது டெஸ்மண்ட் கையைப் பிடிச்சு, இங்க பேசினது இங்கயே இருக்கும்னு சொல்லிட்டு வந்தேன். அதே மாதிரிதான் உங்க தாள்ல இருக்கிறதை ஒரு நாளும் அவன்கிட்ட சொன்னதில்ல. இங்கயும் சொல்லல, அங்கயும் சொல்லல. இதுக்குப் பேரு துரோகம்னா அப்படியே வச்சுக்க.”

“நான் வாரா வாரம் அடி வாங்குறேன், பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்த.”

“ஆமா” என்றான். “அது எனக்கு ஒண்ணும் சந்தோஷமா இல்ல.”

அங்கிருந்து எழுந்து நேரே பழைய ஆட்டப் படங்களைப் போட்டுப் பார்க்கும் அறைக்குப் போனேன். ஏதோ ஒன்று எனக்குள்ளேயே இருக்கிறது. டெஸ்மண்டுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. போன வருடத்து டன்மூர் ஆட்டத்தைப் போட்டேன். எப்போதும் நாங்கள் எதிரியைத்தான் பார்ப்போம். அன்று என்னை மட்டும் பார்த்தேன். தலையைப் பார்த்தேன், ஒன்றுமில்லை. கால்களில், முதுகில், பந்தைப் பிடித்த பிடியில், எதிலும் வித்தியாசம் இல்லை. ஒரு மணி நேரம் போனபின் டெஸ்மண்டின் பார்வை போகும் இடத்தைப் பிடித்தேன். பந்து நகர்வதற்குச் சற்று முன், ஒவ்வொரு முறையும், அவன் தலை கொஞ்சம் தாழ்ந்தது. என் இடது தொடையைத்தான் பார்த்தான்.

அங்கே என் இடது கை இருந்தது. ஓட்டம் என்றால் முஷ்டி, வீச்சு என்றால் திறந்த விரல்கள். ஓட்டத்தில் நான் முன்னால் பாய்ந்து முட்ட வேண்டும், உடம்பு முன்கூட்டியே இறுகுகிறது. வீச்சில் பின்வாங்கி, வருகிறவனை உள்ளங்கையால் ஏந்த வேண்டும், விரல்கள் தானாகவே விரிகின்றன. அந்த ஆட்டத்தில் நான் பந்து கொடுத்த ஐம்பத்தெட்டு முறையையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. எங்கள் அணியில் உளவு சொன்னவன் இருந்தான். முந்நூறு பவுண்டு எடையோடு, மைதானத்தின் நட்டநடுவில், எல்லோரும் பார்க்க, இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டாக்டேலுக்குப் போட்டுக் காட்டினேன். முதலில் அவர் கேட்டது, “யார் சொல்லிக் குடுத்தது?”

“யாரும் இல்ல கோச். நானே பாத்தேன்.”

“அமோஸ் சொன்னானா?”

“கெஞ்சிக் கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டான். அந்த மெசேஜுக்கும் அவன் பதில் போடல. அதை நான் உங்ககிட்ட மறைச்சுட்டேன்.”

அவர் சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பியபடி திரையைப் பார்த்தார். இன்னொரு முறை ஓட்டச் சொன்னார், இன்னொரு முறை.

“கை சரிதான். ஆனா ஒண்ணு. அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, தெரிஞ்சும் வாயைத் திறக்கல. அவனை நான் எப்படி நம்புறது?”

எனக்குள்ளும் அதே கேள்விதான் இருந்தது.

அன்று முழுக்கக் குளியலறைக் கண்ணாடி முன்னால் குனிந்து குனிந்து பழகினேன். மலாக்கி வெளியே நின்று “ஓட்டம்! வீச்சு! ஓட்டம்!” என்று கத்தினான். கை என் பேச்சைக் கேட்கவில்லை. கையை நினைத்தால் பந்து நழுவியது. பந்தை நினைத்தால் கை விரிந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு அணியின் மருத்துவ உதவியாளர் நோராவிடம் போய் நின்றேன்.

“இடது கையை முஷ்டியா வச்சுக் கட்டிடுங்க.”

“அடிபட்டுச்சா? காட்டு.”

“அடி எதுவும் இல்லக்கா. அது வாயாடுது. அதான்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் பஞ்சை வைத்து, வெள்ளை டேப்பைச் சுற்றிச் சுற்றி, மறுநாள் காலை என் இடது கையை ஒரு கதாயுதம் மாதிரி ஆக்கிவிட்டார். விரல் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. அதனால் எவனையும் பிடிக்கவும் முடியாது. அதை ஸ்டாக்டேலும் நானும் யோசித்தோம். ஹென்லி சமாளித்துக்கொள்வான் என்றார். அமோஸ் பெயரை நான் எடுத்தேன். அவர் கேட்காததுபோல் போய்விட்டார்.

ஆட்டம் பகல் ஒரு மணிக்கு. குளிர் காதைக் கடித்தது. முதல் முறை குனிந்தபோது எதிரே டெஸ்மண்டின் தலை தாழ்ந்தது, அங்கேயே நின்றது. கட்டைப் பார்த்தான். முஷ்டி என்று எடுத்துக்கொண்டு “ஓட்டம்! ஓட்டம்!” என்று கத்தினான். அவனுடைய ஆட்கள் எல்லோரும் முன்னால் நெருங்கினார்கள். மலாக்கி அவர்கள் தலைக்கு மேல் எறிந்தான். இருபத்தெட்டு கஜம். அடுத்ததும் அதே கத்தல், அதே மாதிரி வீச்சு. ஏழாவது நிமிடத்தில் பந்தோடு அவர்கள் கடைசிக் கோட்டைத் தாண்டி எங்களுக்கு முதல் டச்டவுன், ஏழு புள்ளி. முப்பத்தொன்றுக்குப் பூஜ்யம் என்று நினைத்து வந்திருந்த எங்கள் ஊர் ஜனம் பாப்கார்னை வாரி இறைத்தது.

அவர்கள் முட்டாள்கள் இல்லை. மூன்றாவது முறை பந்து எங்களிடம் வந்தபோது டெஸ்மண்ட் என் கையைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். “கை செத்துப்போச்சு! பந்தைப் பாருங்கடா!” என்று கத்தினான். அதற்குப் பிறகு வெறும் பலம்தான், அதில் அவர்கள் எங்களைவிட மேல். எனக்கும் ஹென்லிக்கும் நடுவே என் கட்டுப்போட்ட கைப்பக்கமாகவே புகுந்தார்கள். இரண்டாம் கால்பகுதியில் மலாக்கியை மூன்று முறை தரையில் சாய்த்தார்கள். மூன்றாம் முறை எழுந்தவன் வாயிலிருந்து புல்லைத் துப்பிக்கொண்டே எல்லைக்கோட்டுக்குப் போனான்.

“கோச், அமோஸை அனுப்புங்க.”

“அவனை எப்படிடா…”

“உளவாளியாவே இருக்கட்டும் கோச். உளவு சொல்லிக்கிட்டே தடுக்கட்டும். எனக்கு உயிர் வேணும்!”

ஸ்டாக்டேல் பெஞ்சைப் பார்த்தார். பிறகு தலையை மட்டும் அசைத்தார். அமோஸ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்து என் இடதுபுறம் குனிந்தான். என்னைப் பார்க்கவில்லை.

“உன் இடது பக்கம் வர்றவனை என் மேல தள்ளிவிடு” என்றான். “நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டான். தனக்கு வந்தவனையும் எனக்கு வந்தவனையும் சேர்த்து முட்டினான். எதிரே இருந்தவர்கள் எல்லாம் அவனுடைய பழைய சிநேகிதர்கள். பெயர் சொல்லித் திட்டினார்கள், அவன் ஊரைச் சொல்லித் திட்டினார்கள். அவன் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி ஆறு நிமிடத்தில், பதின்மூன்றுக்குப் பத்து என்று பின்தங்கியிருந்தபோது, எழுபத்தோரு கஜத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்தினோம். கடைசி மூன்று கஜத்தை எங்கள் ஓட்டக்காரன் அமோஸின் முதுகை ஒட்டியே ஓடிக் கடந்தான். பதினேழுக்குப் பதின்மூன்று. ஜெயித்துவிட்டோம்.

ஜனம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. அந்த நெரிசலில் டெஸ்மண்ட் எங்களை நோக்கி வந்தான். என் கையைப் பார்த்தான், பிறகு அமோஸைப் பார்த்தான்.

“சொல்லிட்டல்ல?”

“இல்ல” என்றான் அமோஸ்.

“போன வாரம் வரைக்கும் இவன் கை பேசிச்சு. நான் உன்னைக் கேட்ட வாரமே கட்டு போட்டுட்டு வந்து நிக்கிறான். என்னைப் பாத்தா கேணையன் மாதிரியா இருக்கு?”

“அவன் சொல்லல” என்று நான் குறுக்கே விழுந்தேன். “படம் போட்டு நானே கண்டுபிடிச்சேன்.”

“நீ வேற என்ன சொல்லுவ?” அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அமோஸ், டிசம்பர்ல நீ வர வேண்டாம்.”

யாரோ ஒரு ரசிகர் பின்னாலிருந்து அமோஸின் முதுகில் தட்டி, “பிரமாதம் தம்பி!” என்றார்.

மறுநாள் காலை அவன் சாமான்களை அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். மேல்மாடியில் ஒரு அறை காலியாம். நான் மன்னிப்புக் கேட்டேன். சரியாகக் கேட்டேனா என்று தெரியவில்லை, நடுவில் நாக்குக் குழறியது. அவன் பெட்டியை மூடி டேப் ஒட்டினான்.

“ஆட்டத்துல உன் பக்கத்துல நிப்பேன்டா. அதுல சந்தேகம் வேண்டாம். ரூம்ல முடியாது.”

மேசை விளக்கையும் ஒரு பெட்டியையும் நான் தூக்கிக்கொண்டு மாடி ஏறிக் கொடுத்தேன். கீழே வந்து கார் சாவியை எடுத்தேன்.

டன்மூர் இரண்டு மணி நேரப் பயணம். அவர்கள் விடுதியின் வாகன நிறுத்துமிடத்தில் டெஸ்மண்டைப் பார்த்தேன். முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு தன் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் நொண்டிக்கொண்டே எழுந்து நின்றான். அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான்.

எதையும் மறைக்காமல் சொன்னேன். குளியலறைத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனை எடுத்தது, செய்தியைப் படித்தது, பாதியை மறைத்துக் கோள் சொன்னது, அதை நம்பி அமோஸைக் கோச் எல்லோர் முன்னாலும் கதவிலேயே நிறுத்தியது.

“உன் மெசேஜைப் படிச்சதாலதான் என்னையே நான் பாத்தேன். நீ அப்படிக் கேக்கலைன்னா நேத்தும் என் கை விரிஞ்சு விரிஞ்சு மூடியிருக்கும்.”

“அப்ப நானா சொல்லிக் குடுத்தேன்னு சொல்ற?”

“ஆமா.”

அவன் என் முகத்தையே துருவினான். “அமோஸ் அனுப்பினானா உன்னை?”

“நான் வந்தது அவனுக்குத் தெரியாது.”

“நல்லா ஒப்பிக்கிற” என்றான். பிறகு ஐஸ் பையை அவிழ்த்து மறுபக்கம் திருப்பிக் கட்ட ஆரம்பித்தான். நான் காருக்குத் திரும்பிவிட்டேன்.

மிச்சமிருந்த இரண்டு ஆட்டங்களிலும் அமோஸ் என் இடதுபுறம் நின்றான். வேலைக்கு வேண்டிய வார்த்தைகளுக்கு மேல் ஒன்றும் பேசவில்லை. ஸ்டாக்டேல் அவன் தாளைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் மாலையில் எண்ணி வாங்கும்போது அவனுடையதை இரண்டு முறை எண்ணுவார்.

டிசம்பர் இரண்டாம் வாரம், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், உடை மாற்றும் அறையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். அமோஸ் பையில் ஒரு கறுப்புக் கோட்டை மடித்து வைத்தான், மேலே மெருகு போட்ட ஷூ.

“டன்மூருக்குப் போனியாமே, டெஸ்மண்ட் சொன்னான்” என்றான், பையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ம். போனேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நம்பியிருப்பியா?”

அவன் பையின் ஜிப்பைப் பாதிவரை இழுத்து நிறுத்தி யோசித்தான்.

“மாட்டேன்தான்” என்று சொல்லிவிட்டு, மீதியையும் இழுத்து மூடி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு பனிக்குள் நடந்தான்.